அட்டையில் 14 இலக்கம்: ஆயத்தமா மருத்துவமனைகள்?

புது தில்லி: தலைநகரில் உள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிகள் பிரிவில் 2022 அக்டோபரில் ஒரு புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஓ.பி. சீட்டு வாங்க நீண்ட வரிசையில் நின்று, சாளரத்துக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஊழியரிடம் பெயரையும் வயதையும் முகவரியையும் உரக்கச் சொல்ல வேண்டிய நிலை மாறியது. சுவரில் ஒட்டப்பட்டிருந்த கியூ.ஆர். குறியீட்டை செல்போனில் படம்பிடித்தால் போதும். நோயாளியின் விவரங்கள் மருத்துவமனைக் கணினியைச் சென்றடைய, டோக்கன் எண் செல்போனுக்கு வந்து சேரும்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையாக இருப்பது "ஆபா" எனப்படும் ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு எண். பதினான்கு இலக்கங்களைக் கொண்ட இந்த எண், 2025-ம் ஆண்டின் தொடக்கத்திலேயே 70 கோடிக்கும் அதிகமானோருக்கு வழங்கப்பட்டுவிட்டது. எண்ணிக்கையில் இது மாபெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால், எண் வழங்குவது வேறு. அந்த எண்ணுடன் ஒருவர் வந்து நிற்கும்போது அதை ஏற்க மருத்துவமனை ஆயத்தமாக இருப்பது வேறு. முதலாவது வேலை தில்லியில் நடக்கிறது. இரண்டாவது வேலை, நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளின் பதிவு மேஜைகளில், பெரும்பாலும் குறைந்த ஊதியம் பெறும் ஓர் ஊழியரின் தலையில் விழுகிறது. அங்கே பெயரில் ஓர் எழுத்து பொருந்தாவிட்டால் பாதிக்கப்படுவது கணினி அல்ல. எதிரே நிற்கும் நோயாளியே.

மூன்று எண்கள், ஒரு குழப்பம்:

மக்களிடையே மட்டுமன்றி மருத்துவமனை ஊழியர்களிடையேயும் எழும் முதல் குழப்பம், எந்த எண் எதற்கு என்பதே.

2018 செப்டம்பர் 23-ம் தேதி ராஞ்சியில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் (பி.எம்.ஜே.ஏ.ஒய்.) அட்டை முதலாவது. இது காப்பீட்டு உரிமையைத் தரும் அட்டை. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, இந்தத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. முதியோருக்கான அட்டைக்கு "வய வந்தனா" எனப் பெயரிடப்பட்டது.

இரண்டாவது, ஆபா எண். இது காப்பீடு அல்ல. இதை வைத்திருப்பதால் மட்டும் எந்த மருத்துவமனையிலும் ஒரு ரூபாய் கூடக் குறையாது. ஒருவரின் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கக் குறிப்புகள் ஆகியவற்றை, அவை எந்த ஊரில் இருந்தாலும் ஒரே கணக்கில் இணைப்பதற்கான அடையாளம் மட்டுமே அது.

மூன்றாவது, அந்தந்தக் காப்பீட்டுத் திட்டமோ நிறுவனமோ வழங்கும் உறுப்பினர் எண். மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். எண், தனியார் காப்பீடு எடுத்தோருக்கு பாலிசி எண். தமிழகத்தில் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018-ல் மத்திய அரசின் திட்டத்துடன் ஒருங்கிணைக்கப்பட்டு நடைமுறையில் உள்ளது.

இரு அட்டைகளிலும் "ஆயுஷ்மான்" என்ற சொல் இடம்பெறுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஆபா அட்டையை நீட்டி, ஐந்து லட்சம் ரூபாய் சிகிச்சையை எதிர்பார்ப்பவருக்கு, "இது அந்த அட்டை அல்ல" என்று விளக்கும் பொறுப்பு பதிவு மேஜைக்கு வந்து சேர்கிறது. பி.எம்.ஜே.ஏ.ஒய். திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் இதற்கென "ஆரோக்கிய மித்ரா" என்ற உதவியாளர்கள் உள்ளனர். மற்ற இடங்களில் அத்தகைய ஏற்பாடு இல்லை.

ஆறு யூனியன் பிரதேசங்களில் தொடக்கம்:

தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் பற்றிய அறிவிப்பை 2020 ஆகஸ்ட் 15-ம் தேதி செங்கோட்டையில் ஆற்றிய உரையில் பிரதமர் வெளியிட்டார். புதுச்சேரி, அந்தமான்-நிகோபார், சண்டீகர், லடாக், லட்சத்தீவு, தாத்ரா-நகர் ஹவேலி மற்றும் டாமன்-டையூ ஆகிய ஆறு யூனியன் பிரதேசங்களில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2021 செப்டம்பர் 27-ம் தேதி அது நாடு முழுமைக்கும் விரிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஐந்தாண்டுகளுக்கு ரூ.1,600 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இத்திட்டத்தைச் செயல்படுத்துவது தேசிய சுகாதார ஆணையம். பி.எம்.ஜே.ஏ.ஒய். காப்பீட்டுத் திட்டத்தை நிர்வகிப்பதும் இதே ஆணையம்தான்.

நோயாளிகளின் ஆவணங்கள் அனைத்தும் தில்லியில் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை என்பது இத்திட்டத்தின் அடிப்படை விதி. ஆவணம் உருவான மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோதான் அது இருக்கும். வேறொரு மருத்துவர் அதைப் பார்க்க வேண்டுமானால், யாருக்கு, எந்த ஆவணத்தை, எவ்வளவு காலத்துக்குக் காட்டலாம் என்று நோயாளி தன் செல்போன் வழியாக இசைவு தெரிவிக்க வேண்டும். ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு. அது நடைமுறையில் நிற்க வேண்டுமானால், ஆவணம் இருக்கும் ஒவ்வொரு இடமும் அதைக் கேட்டவுடன் எடுத்துத் தரும் நிலையில் இருந்தாக வேண்டும். சிறிய மருத்துவமனைகளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கிளினிக்கில் என்ன மாற வேண்டும்?

ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு பதிவு ஊழியர், ஒரு கணினி. இவ்வளவே உள்ள சிறு கிளினிக் இதில் இணைய விரும்பினால் செய்ய வேண்டியவை பல. முதலில், மருத்துவர் தமது பட்டத்தையும் மருத்துவ கவுன்சில் பதிவையும் காட்டி, சுகாதாரப் பணியாளர் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அடுத்து, கிளினிக் தனியாக, சுகாதார நிறுவனப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அதன் பிறகு, தேசிய சுகாதார ஆணையத்தின் சோதனைகளில் தேறிய மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த மென்பொருளுக்கு மூன்று படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆபா எண்ணை உருவாக்கவும், சரிபார்க்கவும், பதிவு செய்யவும் தெரிந்திருப்பது முதல் படி. கிளினிக்கில் உருவாகும் ஆவணத்தை அந்த எண்ணுடன் இணைத்து, கேட்டபோது அனுப்பத் தெரிந்திருப்பது இரண்டாம் படி. பிற மருத்துவமனைகளில் உள்ள ஆவணங்களை நோயாளியின் இசைவு பெற்று வாங்கிப் பார்க்கத் தெரிந்திருப்பது மூன்றாம் படி. முதல் படியோடு நின்றுவிட்டால், நோயாளியின் எண் ஏட்டில் ஏறுமே தவிர, அவரது வைத்திய வரலாறு நகராது.

மருத்துவமனைகளுக்கும், ஆய்வகங்களுக்கும், மென்பொருள் நிறுவனங்களுக்கும் ஊக்கத்தொகை வழங்கும் திட்டமும் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தில், இணைக்கப்படும் ஆவணங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, அதிகபட்சம் ரூ.4 கோடி வரை பெற இயலும். தனியார் சிறு கிளினிக்குகளையும் ஆய்வகங்களையும் ஒரு பகுதியில் ஒருசேரச் சேர்க்கும் முயற்சியாக "நூறு சிறு தளங்கள்" திட்டமும் வகுக்கப்பட்டது. அதன் முதல் தளம் 2023 ஆகஸ்டில் மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் அமைந்தது.

ஆனால், ஊக்கத்தொகை கணினிக்கும் மென்பொருளுக்கும் ஈடுகொடுக்கலாம். நேரத்துக்கு ஈடுகொடுப்பது கடினம். ஒரு மாலைப் பொழுதில் எழுபது, எண்பது பேரைப் பார்க்கும் மருத்துவர், ஒவ்வொருவருக்கும் கையால் மருந்துச் சீட்டு எழுதிப் பழகியவர். அதையே தட்டச்சு செய்ய ஒருவருக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும் என்றாலும், எண்பது பேருக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடும்.

பொருந்தாத பெயர்கள்:

பதிவு மேஜையில் எழும் சிக்கல்களில் தலையாயது பெயர். ஆதாரில் ஒரு விதம், ஓய்வூதிய ஆவணத்தில் ஒரு விதம், மருத்துவமனையின் பழைய ஏட்டில் ஒரு விதம் என ஒரே மனிதர் மூவராக நிற்பது இந்நாட்டில் புதிதல்ல. தந்தை பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழர்களுக்கு, குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் வடநாட்டுப் படிவங்களில் இந்தத் தொல்லை மேலும் கூடும். ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும். மற்றொன்றில் அது விரிந்து பின்னால் போய் நிற்கும். மனிதக் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. கணினிக்கு அப்படியல்ல.

அடுத்தது செல்போன். ஆபா எண்ணைச் சரிபார்க்க ஒருமுறைக் கடவுச்சொல் வர வேண்டும். குடும்பத்துக்கு ஒரே செல்போன், அதுவும் வேலைக்குப் போன மகனின் கையில் என்றால், மருத்துவமனையில் நிற்கும் தாய்க்குக் கடவுச்சொல் எப்படிக் கிடைக்கும்?

இவை வெறும் கற்பனை அல்ல என்பதற்கு நாடாளுமன்றத்தில் தாக்கலான ஆவணமே சான்று. பி.எம்.ஜே.ஏ.ஒய். திட்டம் குறித்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்த அறிக்கை 2023 ஆகஸ்ட் 8-ம் தேதி மக்களவையில் வைக்கப்பட்டது. பயனாளிகளில் 7,49,820 பேரின் பதிவுகளில் 9999999999 என்ற ஒரே செல்போன் எண் இடம்பெற்றிருந்ததை அது சுட்டிக்காட்டியது. தமிழகத்தில் ஏழு ஆதார் எண்களின் மீது 4,761 பதிவுகள் செய்யப்பட்டிருந்தன. முன்னரே இறந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட 3,446 பேரின் சிகிச்சைக்காக ரூ.6.97 கோடி வழங்கப்பட்டிருந்ததையும் தணிக்கை வெளிப்படுத்தியது.

பயனாளியை அடையாளம் காண்பதில் செல்போன் எண்ணுக்குப் பங்கு இல்லை என்றும், ஆதார் சரிபார்ப்பின் வழியாகவே அடையாளம் உறுதி செய்யப்படுகிறது என்றும் சுகாதார அமைச்சகம் விளக்கம் அளித்தது. ஆயினும், பத்து ஒன்பதுகள் ஏழரை லட்சம் முறை பதிவானது எப்படி? செல்போன் இல்லாதவர் எதிரே நிற்க, படிவம் காலியாக விட அனுமதிக்காதபோது, மேஜையில் இருப்பவர் எதையாவது நிரப்பி வேலையை முடிக்கிறார் என்றே ஊகிக்கத் தோன்றுகிறது. இதை முறைகேடு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது. ஆயத்தமில்லாத அமைப்பு தன் ஊழியரைப் பொய் எழுதவைக்கிறது என்பதும் அதில் அடங்கியுள்ளது.

முப்பது நாள் அவகாசம்:

ஆயத்தமின்றி எண்ணைக் கட்டாயமாக்கினால் என்ன நேரும் என்பதை தில்லியே அண்மையில் கண்டது. 1954-ல் தலைநகரில் தொடங்கப்பட்டு, இன்று சுமார் 80 நகரங்களில் இயங்கும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் (சி.ஜி.எச்.எஸ்.) பயனாளிகள், தங்கள் எண்ணை ஆபா எண்ணுடன் கட்டாயமாக இணைக்க வேண்டும் என்று 2024 மார்ச் இறுதியில் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் அமல். ஏற்கெனவே உள்ளோருக்கு முப்பது நாள் அவகாசம்.

இத்திட்டத்தின் பயனாளிகளில் ஓய்வூதியர்கள் கணிசமானோர். எண்பது வயதில் செல்போனில் கடவுச்சொல்லைத் தேடுவோரும் அவர்களில் உண்டு. ஏப்ரலிலேயே காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் "கட்டாயம்" என்பதே நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றே மாதங்களில் உத்தரவும் நீட்டிப்பும் நிறுத்தமும் வந்து போயின.

அதே திட்டம் 2025 ஏப்ரல் 28-ம் தேதி புதிய கணினி அமைப்புக்கு மாறியது. இம்முறை பயனாளிகளை அடையாளம் காண அடிப்படையாக அறிவிக்கப்பட்டது "பான்" எண். மாற்றத்தின் பொருட்டு அதற்கு முந்தைய சனிக்கிழமை நல்வாழ்வு மையங்களுக்கு விடுமுறை விடப்பட்டது. ஓராண்டு இடைவெளியில் ஒரே பயனாளியிடம் இரு வேறு எண்கள் கேட்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்கா செய்தது என்ன?

இதே போன்ற மாற்றத்தை அமெரிக்கா கையாண்ட விதம் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. அங்கு முதியோருக்கான "மெடிகேர்" காப்பீட்டு அட்டையில் நெடுங்காலமாக சமூகப் பாதுகாப்பு எண்ணே அச்சிடப்பட்டு வந்தது. அட்டை தொலைந்தால் அடையாளமே களவு போகும் என்பதால், அதை நீக்க 2015-ல் சட்டம் இயற்றப்பட்டது. புதிய பதினோரு இலக்க அடையாளம் அச்சிட்ட அட்டைகள் 2018 ஏப்ரல் முதல் தபாலில் அனுப்பப்பட்டன.

பழைய எண், புதிய எண் இரண்டையும் ஏற்கும் இடைக்காலம் 2019 டிசம்பர் 31 வரை, அதாவது 21 மாதங்கள் நீடித்தது. நோயாளி புதிய அட்டையைக் கொண்டுவர மறந்தால், பாதுகாக்கப்பட்ட இணையதளத்தில் மருத்துவமனையே எண்ணைத் தேடிக்கொள்ள வழிசெய்யப்பட்டது. பழைய எண்ணில் கட்டணம் கோரினால், பணம் வழங்கும் சீட்டிலேயே புதிய எண்ணும் அச்சாகி வந்தது. எஸ், எல், ஓ, ஐ, பி, இசட் ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகள் புதிய அடையாளத்தில் தவிர்க்கப்பட்டன. 5, 1, 0, 8, 2 போன்ற எண்களோடு அவற்றை ஊழியர் மாற்றிப் படித்துவிடக் கூடாது என்பதே காரணம்.

சுமார் ஆறு கோடிப் பேருக்கு 21 மாத அவகாசம் தந்த அந்த நாட்டில் செல்வம் மிகுதி என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால், இரு எண்களையும் சில காலம் ஏற்பதற்கும், பதிவு மேஜையில் இருப்பவரின் கண்ணை நினைவில் கொள்வதற்கும் செல்வம் தேவையில்லை, முன்யோசனை போதும்.

கணினி நின்ற நாள்கள்:

ஆயத்தம் என்பதில் பாதுகாப்பும் அடங்கும். 2022 நவம்பர் 23-ம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கின. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 1.3 டெராபைட் தரவுகள் பூட்டப்பட்டதாகவும் மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நாட்டின் முதன்மை மருத்துவமனை காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பியது. எய்ம்ஸுக்கே இந்த நிலை என்றால், ஒற்றைக் கணினியில் ஊழியர் அனைவரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிரும் கிளினிக்கின் நிலை குறித்து விளக்கத் தேவையில்லை.

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகைசெய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் உண்டு. ஆபா எண்ணைப் பதிவு செய்யும் கிளினிக்கும் இச்சட்டத்தின் கண்ணில் தரவைக் கையாளும் அமைப்பே. தணிக்கையாளரையும் வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளும் பெரிய மருத்துவமனைகள் சமாளித்துக்கொள்ளும். சிறியவற்றுக்கு எளிய மொழியில் வழிகாட்ட வேண்டிய பொறுப்பு அரசுக்கு உண்டு.

காப்பீட்டுத் துறையிலும் மாற்றம் நெருக்குகிறது. ரொக்கமில்லா சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும் நேரத்து இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வடிவில் தகவல் பரிமாறிக்கொள்ள தேசிய சுகாதாரக் கோரிக்கைப் பரிமாற்றகம் உருவாக்கப்பட்டுள்ளது. அடையாளம் சரியாக இருந்தால்தான் அந்த மூன்று மணி நேரம் சாத்தியம். பாலிசியில் ஒரு பெயர், மருத்துவமனை ஏட்டில் ஒரு பெயர் என்றால், குணமடைந்த நோயாளி கட்டிலிலேயே காத்திருக்க நேரிடும்.

கேட்காமல் வந்த எண்:

ஆபா எண் விருப்பத்தின் பேரிலானது. அது இல்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படாது என்பது அரசின் நிலைப்பாடு. ஆனால், 2021-ல் தடுப்பூசிக்காக ஆதார் காட்டியோரில் பலருக்கு, அவர்கள் அறியாமலேயே சுகாதார எண் உருவாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமித்துத் தீர்ப்பளித்த நாடு இது. நோயைப் பற்றிய செய்தியை விட அந்தரங்கமானது வேறு எது? மனநல சிகிச்சையையோ, எச்.ஐ.வி. சிகிச்சையையோ தன் கணக்கில் இணைக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதை மறுபேச்சின்றி ஏற்கப் பதிவு மேஜை ஊழியருக்குக் கற்றுத்தரப்பட்டிருக்க வேண்டும்.

எண் தேவையா என்ற கேள்விக்கு விடை கடினமல்ல. ஊர் விட்டு ஊர் வேலை தேடிச் செல்லும் கோடிக்கணக்கான தொழிலாளர்கள், பழைய எக்ஸ்ரேயை பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு ரயில் ஏறும் நாட்டில், ஆவணம் அவர்களைப் பின்தொடர்ந்து வருவது பெரும் நன்மை. மருந்து ஒவ்வாமை பற்றிய ஒரு வரி உரிய நேரத்தில் மருத்துவரின் கண்ணில் பட்டால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.

அந்த நன்மை கைகூட வேண்டுமானால், வழங்கப்பட்ட எண்களின் கணக்கோடு மற்றொரு கணக்கும் நாடாளுமன்றத்தின் முன் தவறாமல் வைக்கப்பட வேண்டும்: எத்தனை மருத்துவமனைகள் இரண்டாம், மூன்றாம் படிகளை எட்டியுள்ளன, பெயர் பொருந்தாமல் திருப்பி அனுப்பப்பட்டோர் எத்தனை பேர், பிழை திருத்த எத்தனை நாள் ஆகிறது? பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒருசேர ஏற்கப்படும் காலம் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். செல்போன் இல்லை என்று உண்மையைப் பதிவதற்குப் படிவத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

கியூ.ஆர். குறியீட்டைப் படம்பிடிப்பவருக்கு டோக்கன் நொடியில் கிடைக்கிறது. செல்போனும் அட்டையும் இல்லாமல் வருபவருக்கும் ஒரு சாளரம் திறந்திருக்க வேண்டும்.